நான் தூக்கி வைத்த நான்கு முட்டைகள்

என் மாமனார் மழையில் நனைந்துகொண்டே பறவை பார்க்கிறவர் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் பாகூர் ஏரிக்கரையை ஒட்டி நிலம், கரும்பு, இரண்டு ஜோடி மாடு, வற்றாத கிணறு என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். மாமனாருக்கு வெற்றிலை தவிர வேறு பழக்கமே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். வெற்றிலை வரைக்கும் உண்மைதான்.

எங்கள் அப்பாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் தானியக் கடை. எங்கள் வீட்டில் பறவை என்றால் மூட்டை ஓட்டையில் அரிசி பொறுக்க வரும் சிட்டுக்குருவிதான். அதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை, விரட்டுவதற்கு மட்டும் ஒரு குச்சி இருந்தது. பத்தொன்பது வயசு வரை எனக்குத் தெரிந்த பறவைகள் மூன்று: குருவி, காக்கை, குழம்பில் போடுகிற கோழி.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு நான்கு நாள் விடவில்லை. ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். என் மாமனார் மட்டும் கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்து ஊறிப்போய்த் திரும்பி வருவார். வந்ததும் துடைத்துக்கொள்ள மாட்டார். தாழ்வாரத்தில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே சேதி சொல்ல ஆரம்பிப்பார்.

"தண்ணி கலங்கிப் போச்சு. மீன்கொத்திக்கு மீனு தெரியல. பாத்துக்கினே இரு, நாளைக்கு நம்ம கெணத்துக்கு வந்துடும்" என்றார் ஒரு நாள்.

மறுநாள் காலையில் நான் தண்ணீர் சேந்தப் போனபோது ஏற்றக் காலில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நீலமாக, கடுகடுவென்று, நான்தான் ஏரியைக் கலக்கிவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் பறவைக் கதை கேட்க வேண்டிவரும் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்.

என் மாமியாருக்கு இதெல்லாம் வேப்பங்காய். மழைக்காலத்தில் ஈர விறகோடும் ஈர வேட்டியோடும் போராடுகிறவர் அவர்தானே. "ஊர்ல அல்லாரும் மழை வந்தா வூட்ல குந்துவாங்க. இந்த மனுசன் மழை வந்தாத்தான் எழுந்து போவாரு. நனஞ்ச வேட்டிய நான் எங்கன்னு காய வைக்கறது, என் தலை மேலயா?" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார்.

மாமனார் பதில் சொல்ல அடுப்படி வாசல் வரை வருவார். "வெயில் காலத்துல பறவ நம்மளப் பாத்தா பறந்துடும். மழையில அதுக்கும் போக எடமில்ல, நமக்கும் போக எடமில்ல. ரெண்டு பேரும் நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு இருக்கலாம்."

"அப்ப அதையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்" என்பார் மாமியார்.

நான் புது மருமகள். சிரிக்கக் கூடாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிடுவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மழை விட்ட அன்று நானே கரைக்குப் போய்ப் பார்த்தேன். செத்துப்போன பனைமரத்து உச்சியில் நீர்க்காகம் ஒன்று இரண்டு இறக்கைகளையும் விரித்துப் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஈசல் கிளம்பியிருந்தது. கரிச்சானும் மைனாவும் காக்கையும் அடித்துக்கொள்ளாமல் ஒரே வரப்பில் நின்று தின்றன. வயலில் கொக்குகள் கழுத்தே இல்லாதவைபோலக் குறுகி நின்றன. அதற்குப் பிறகு மாமனார் சேதி சொல்லும்போது நான் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புடைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் மழையில் பறவை பார்ப்பது பொழுதுபோக்கு. பறவையைப் பார்த்து மழை சொல்வதுதான் அவருடைய பெருமை. குருவி புழுதியில் குளித்தால் மூன்றாம் நாள் மழை என்பார். தூக்கணாங்குருவிக் கூட்டின் வாசல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கக் காற்று வலுக்காது என்பார். இவற்றை ஊரார் பாதி கேட்பார்கள், பாதி விடுவார்கள். ஆள்காட்டி விஷயத்தில் மட்டும் அவர் சொல்தான் ஊருக்குச் சட்டம்.

ஆள்காட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்பு மூக்கு, நீளமான மஞ்சள் கால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாற்போல நடை. மனுஷரைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடும், அந்தப் பெயரே அதனால்தான். அது கூடு கட்டாது. வெறும் தரையில் நாலு கூழாங்கல்லைச் சேர்த்து நாலு முட்டை வைத்துவிடும். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது ஏரிக்குள்ளேயே வைக்கும். அந்த முட்டை கரைமேட்டில் இருந்தால் அந்த வருஷம் மழை கொட்டும், ஏரி நிரம்பும். நடுவில் இருந்தால் பாதி ஏரி. மதகை ஒட்டிய பள்ளத்தில் இருந்தால் மழை பொய்க்கும். வரப்போகிற தண்ணீரின் மட்டம் பறவைக்குத் தெரியும், அதற்கு மேலேதான் அது முட்டை வைக்கும் என்பது நம்பிக்கை. ஆனி அமாவாசைக்கு மறுநாள் மாமனாரும் நாலைந்து பெரிய குடியானவர்களும் ஏரிக்குள் இறங்கிப் போய் முட்டை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். என்ன நெல் விதைப்பது, கரைக்கு மண் போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அன்று சாயங்காலம் முடிவாகும்.

கடைக்காரன் மகள் நான், கணக்கு உதைத்தது. "ஆனியில வெச்ச முட்டை ஆடியில பொரிஞ்சு குஞ்சு ஓடிடுமே. ஐப்பசித் தண்ணியப் பத்தி அதுக்கு இன்னா கவலை?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றார்.

அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். கார்த்திகையில் பிரசவம் என்று கணக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் சண்டை இல்லை. எப்போது அனுப்புவது என்பதில்தான் சண்டை. இந்த வீட்டு வழக்கப்படி ஒன்பதாம் மாதம் சீமந்தம் செய்து அனுப்புவார்கள். ஒன்பதாம் மாதம் என்றால் ஐப்பசி. ஐப்பசியில் மழை பிடித்தால் பாகூருக்கும் வில்லியனூருக்கும் நடுவே சங்கராபரணி ஆறு கரை புரண்டு போகும், வண்டி இறங்காது. நான் பாகூரிலேயே பெற வேண்டியதுதான்.

பாகூரில் பெற்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் தெரு மருத்துவச்சிக்குக் கை ராசியான கை. ஆனால் காது சுத்தமாகக் கேட்காது. நான் கத்துவது அவளுக்குக் கேட்காது என்ற நினைப்பே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதுபோக என் மாமியார் மாங்காய் ஆகாது, புளி ஆகாது, மீன் சூடு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் எனக்கு மிச்சம் இருந்தது ரசமும் மரியாதையும். இதெல்லாம் நான் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். எனக்கு என் அம்மா வேண்டும். அந்த வேளையில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் மாதமே அனுப்பிவிடுங்கள் என்று கேட்கச் சொல்லி என் வீட்டுக்காரரை அரித்தெடுத்தேன். அவர் பத்து நாள் தைரியம் சேர்த்துக்கொண்டு ஒரு பதிலோடு வந்தார்.

"ஆள்காட்டி மேட்டுல முட்டை வெச்சுதுன்னா அப்பாவே சீக்கிரம் அனுப்பிடலாம்னு சொல்லிட்டாரு. பள்ளத்துல வெச்சா ஒம்பதாம் மாசம்தான்."

ஆக, நான் அம்மா வீட்டுக்குப் போவதும் போகாததும் ஒரு பறவையின் பின்பக்கத்தில் வந்து நின்றது.

அந்த ஆனியில் என் வீட்டுக்காரர் ஏரிக்குள் வண்டல் மண் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நடுப்பகலில் நான் கூழ்ப்பானை தூக்கிக்கொண்டு போவேன். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், கூழ் ஊற்றிவிட்டுக் காலிப் பானையோடு மதகுப் பக்கமாகத் திரும்பி வந்தேன். திடீரென்று தலைக்கு மேல் ஒரே கூச்சல். ஆள்காட்டி என் கொண்டையைக் குறிவைத்துப் பாய்ந்து பாய்ந்து திரும்பியது. மிரண்டு குனிந்தபோது காலடியில் பார்த்தேன். நாலு முட்டை. மண் நிறம், கறுப்புப் புள்ளி. மதகுப் பள்ளத்திலும் அடிப்பள்ளம் அது. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் தோண்டித்தான் இறங்க வேண்டும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெயிலில் நின்று அந்தப் பறவையைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஏரியில உனக்கு வேற எடமே கெடைக்கலியாடி?" என்று கேட்டேன். அது தன் பங்குக்குக் கத்தியது. தூரத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாயோ நரியோ என்று நினைத்திருப்பார்கள். நான் முன்னும் பின்னும் பார்த்தேன். நாலு முட்டையையும் எடுத்துக் கூழ்ப்பானையில் வைத்தேன். நேராகக் கரைமேட்டுக்கு ஏறி, ஒரு வேலமரத்துப் பக்கத்தில் கூழாங்கல் பொறுக்கிப் போட்டு, கோழி முட்டையை உறியில் வைப்பதுபோல வரிசையாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க வாசல் பக்கம் தலைகாட்டவில்லை. சோறு மட்டும் நன்றாக இறங்கியது.

அமாவாசைக்கு மறுநாள் பெரியவர்கள் ஏரியில் இறங்கினார்கள். நான் வண்டலில் வேலை செய்கிறவர்களுக்குக் கூழ் கொண்டு போகிற சாக்கில் கரையோரம் நின்றேன். முட்டையை என் மாமனார்தான் முதலில் கண்டார். வேலமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கரை மேலயே வெச்சிக்கீது" என்றார். குரலில் பயம் இருந்தது. அவ்வளவு மேலே அவர் ஆயுசில் பார்த்ததில்லையாம்.

ஒரு குடியானவருக்குச் சந்தேகம். "ஆள்காட்டி முட்டை மூக்கு நாலும் உள்பக்கம் பாத்துக்கினு பூ மாதிரி இருக்கும். இது இன்னா, சந்தையில அடுக்கி வெச்சாப்பல வரிசையா கீது?"

கோழி முட்டைக்கு மூக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன, எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை.

இன்னொருவர், "பறவ எங்க? முட்டை இங்க கீது, அது அங்க மதகாண்ட சுத்திக்கினு கத்துது" என்றார். உண்மைதான். அந்தப் பாவப்பட்ட பறவை காலிப் பள்ளத்துக்கு மேலே வட்டமிட்டு அலறிக்கொண்டிருந்தது.

என் மாமனார் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் விளக்கினார். "அதுக்கு நெல கொள்ளல. தண்ணி எதுவரைக்கும் வரும்னு போய்ப் போய்ப் பாத்துட்டு வருது. அந்தப் பதட்டத்துலதான் முட்டையக்கூட ஒழுங்கா வெக்கல. இது சாதாரண மழை இல்லப்பா. ஊரையே தூக்கிக்கினு போற மழை."

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. வீட்டுக்கு ஓர் ஆள் கூடை தூக்கிக் கரைக்கு மண் போடுவது என்று முடிவாயிற்று. தாழ்ந்த வயல்களில் வழக்கமான சன்ன நெல்லை விட்டுவிட்டு, வெள்ளத்தில் முழுகினாலும் அழுகாத மடுமுழுங்கி விதைப்பது என்று முடிவாயிற்று. என் மாமனார் அதோடு நிற்கவில்லை. அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி; கொம்யூன் ஆபீசுக்கே போய், அதன் தலைவரான மேரைப் பார்த்து, மதகுக் கதவைப் பழுது பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். பிரெஞ்சில் நாலு கையெழுத்துப் போடாமல் நகராத மேர், அன்று ஆள்காட்டி முட்டைக்காக உடனே ஆள் அனுப்பினார். முட்டையை நாய் தின்றுவிடாமல் இருக்க என் மாமனார் தன் கையாலேயே சுற்றிலும் முள் போட்டார். பத்து நாள் கழித்து ஒரு கீரி வந்து அந்தப் பாவத்துக்கு முடிவு கட்டியது.

"இவள ஏழாம் மாசமே அனுப்பிடணும். ஒம்பதாம் மாசம் ஆத்துல வண்டியே எறங்காது" என்று மாமியாரிடம் சொன்னார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், பறவைக்கு நான்தான் தூது அனுப்பினேன் என்று எழுதியிருந்தது. தப்பு இல்லை.

நாற்பது நாள் ஊரே மண் சுமந்தது. என் வீட்டுக்காரர் தோள் வீங்கி வந்து படுப்பார். நான் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேன். "எவ்ளோ பெரிய மழையோ" என்று முனகிக்கொண்டே தூங்குவார். அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். நான்தான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஆவணியில் ஒரு நாள் மதகுப் பக்கம் போனேன். ஆள்காட்டி கத்திக்கொண்டு வந்தது. அதன் பின்னால் கட்டைவிரல் அளவு நாலு குஞ்சு, காலுக்கும் உடம்புக்கும் பொருத்தமே இல்லாமல் ஓடின. பறவை மறுபடி முட்டை வைத்திருக்கிறது, அதே பள்ளத்தில். அமாவாசைக்குப் பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. குஞ்சுகளைப் பார்த்ததும் நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அடுத்த நிமிஷம் வேறொரு பாரம் ஏறியது. அந்தப் பறவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இரண்டாம் முறையும் சொல்லிவிட்டது. கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கோ மறுவாரம் வண்டி.

சீமந்தம் முடிந்து வண்டி கிளம்பியது. அபிஷேகப்பாக்கம் தாண்டிப் போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே வரும். அங்கே சுங்கக்காரன் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா கொண்டு போற?" என்றான். "முட்டை இல்லைங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். பிள்ளைத்தாச்சி ஏதோ உளறுகிறாள் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

அம்மா வீட்டில் மீன் குழம்பு, மாங்காய், தயிர், அம்மா. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்தது. வானம் துடைத்து வைத்த வெண்கலத் தட்டுபோலக் கிடந்தது. நான் கடை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு தெருவில் குருவி புழுதி குளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தினமும் குளித்தது. மூன்றாம் நாள் மழை என்று விரல் விட்டு எண்ணுவேன், மூன்றாம் நாளும் வெயிலடிக்கும். அப்பாவின் குருவிக் குச்சியை எடுத்து ஒளித்து வைத்தேன். குருவியைப் பார்த்து என் மகள் கண்ணீர் விடுகிறாள், யாருக்காவது மந்திரிக்கத் தெரியுமா என்று அம்மா அக்கம்பக்கம் விசாரித்தாள். மழை வேண்டாம் என்று முட்டையைத் தூக்கினவள் இல்லை நான், மழை வரும் என்று தூக்கினவள். அதனால் மழைக்காக வேண்டிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று சாமியிடம் வாதாடினேன். சாமிக்கு அந்த வாதம் பிடிபடவில்லை.

மழை அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஏமாற்று மழை நாலு தடவை பெய்தது. கார்த்திகையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றேன். சேதி கேட்டு என் வீட்டுக்காரர் சங்கராபரணியை முழங்கால் தண்ணீரில் நடந்து கடந்து வந்தார், வேட்டி கூட நனையவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து இரண்டு மாதம் முன்னால் வந்தவள் நான்.

குழந்தையைக் கொஞ்சிவிட்டு அவர் ஊர்க்கதை சொன்னார். ஏரி பாதிகூட இல்லையாம். மண் சுமந்தவர்கள் என் மாமனாரைக் கண்டால், "இன்னா, மழை எங்க, ஆத்தாண்டயே நின்னுடுச்சா?" என்று கேட்கிறார்களாம். மேர் கடைத்தெருவில் வைத்து, உங்கள் பறவை சௌக்கியமா என்று விசாரித்தாராம். "அப்பா கரைக்குப் போறத நிறுத்திட்டாரு. குளிருக்கு வாத்து வந்து எறங்கிக் கீது, அத்தயும் பாக்கல" என்றார். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தை கடைசியில் குழந்தையோடு திரும்பினேன். வண்டி ஏரிக்கரை மேல் ஏறியதும் நிறுத்தச் சொன்னேன். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தண்ணீர் முழங்கால் அளவுதான். அதில் ஏரி முழுக்கக் கால்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை. கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, சேற்றைக் கிளறிக்கொண்டு. "ஏரி ரொம்பிச்சுன்னா வாத்துங்க தூரத்துல புள்ளி புள்ளியா தெரியும், அவ்ளோதான். தண்ணி கொறஞ்சாத்தான் நாரைங்க நிக்க எடம்" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய அப்பா சொல்லித் தெரிந்த விஷயம் அது. அந்த அப்பாவைத்தான் கரையில் காணவில்லை.

அவர் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், சிரித்தார். பறவைப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமியார் மடுமுழுங்கிச் சோற்றைப் போட்டார். கொட்டை கொட்டையாக, சிவப்பாக. அந்த வருஷம் ஊரே அதைத்தான் தின்றது, ஒவ்வொரு வாய்க்கும் என் மாமனாரை நினைத்துக்கொண்டு தின்றது. அவர் தலை நிமிராமல் பிசைந்தார். இரண்டு உருண்டை உள்ளே போயிருக்கும். எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, அந்த முட்டைய நான்தான் தூக்கி மேல வெச்சேன்."

மாமியார் கையில் இருந்த கரண்டி நின்றது. என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டு போனவர் அப்படியே பிடித்திருந்தார். மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"எங்க இருந்துது?" என்றார்.

"மதகுப் பள்ளத்துல."

"பள்ளத்துல எங்க? கல்லுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்ட. அடிப்பள்ளத்துல."

"மறுபடி வெச்சுதா?"

"வெச்சுது மாமா. அதே எடத்துல. நாலு குஞ்சு. ஆவணியில நானே பாத்தேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அப்ப சரியாத்தான் சொல்லிக்கீது" என்றார் மெதுவாக. "அது சரியாத்தான் சொல்லிக்கீது. ரெண்டு வாட்டி சொல்லிக்கீது."

கையைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "சோறு?" என்று மாமியார் கேட்டதற்கு, "வந்து தின்னுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போய், களம் களமாகப் போய், "பறவ மேல தப்பு இல்லப்பா, எம் மருமவதான் திருடி" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். கொம்யூன் ஆபீஸ் வரைக்கும் போய் மேரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார். அங்கிருந்து நேரே ஏரிக்கரை. இருட்டுகிற நேரத்தில் வந்து, தாழ்வாரத்தில் நின்று, யாரும் கேட்காமலே, கரண்டிவாயன் மட்டும் எண்பதுக்கு மேல் என்றார்.

பறவையை நம்பாத நான்தான் கடைசியில் பறவைக்குச் சாட்சி சொன்னேன். அதற்குக் கிடைத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முட்டை ஏதும் இல்லடி" என்பார்கள். மண் சுமந்த ஆண்கள் என் வீட்டுக்காரரிடம் தோள்வலிக்கு எண்ணெய் கேட்டு வந்தார்கள். மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தயிர் ஊற்றிச் சோறு போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். அந்த வைகாசியில் எனக்கு நாலாம் மாதம். வாந்திகூட இன்னும் நிற்கவில்லை. என் மாமனார் காலையில் ஏரிப் பக்கம் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே மாமியாரைக் கூப்பிட்டார்.

"ஆள்காட்டி ஜோடி சேந்துக்கினு சுத்துது. இன்னும் பத்து நாள்ல முட்டை வெச்சிடும். வண்டி கட்டச் சொல்லு, அதுக்குள்ள இவள அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துடலாம். அப்பதான் இந்த வருசம் மழை இன்னான்னு நமக்குத் தெரியும்."

மாமியார் வழக்கம், மாதம், சீமந்தம் எதுவும் பேசவில்லை. எழுந்து போய் என் துணியை அவரே மூட்டை கட்டினார்.